பக்கத்துத் தெருவில் ஒருவர்

கத்தரிக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. ஆனால் அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று வேலை பார்க்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? திரையில் ஒரு செய்தி வரும். படிப்பாள். விடலாமா, வெட்டலாமா? அதற்குள் விரல் முடிவு செய்திருக்கும்.

அவள் வேலை பார்த்த இடம் ஒரு இணையக் கூடம், முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்பிப் பழகுகிற தளம். வயது வந்தவர்களுக்கு மட்டும். துணை தேடுகிறவர்கள், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர்கள், வீட்டில் சொல்ல முடியாத ஆசையைச் சொல்ல ஆள் தேடுகிறவர்கள், சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் என்று எல்லாரும் புழங்கினார்கள். ஆசைப்படுவது குற்றமில்லை, அதை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் குற்றம் என்பது அங்கே சட்டம். 'வேண்டாம்' என்றவரிடம் மறுபடியும் கேட்டால் வெட்டு. கேட்காமல் படம் அனுப்பினால் வெட்டு. முதல் செய்தியிலேயே போன் நம்பர் கேட்டால் வெட்டு. வயதில் துளி சந்தேகம் வந்தால் மட்டும் கத்தரி சிரிக்க மாட்டாள். கணக்கைப் பூட்டி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. கேட்காமல் வருகிற படங்களைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப் போய், ஒரு கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெட்டுவாள். "இவனுக்கு வெளிச்சம் பத்தலை" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லுவாள். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எல்லாருக்கும் அவர் சித்தப்பா. "பஸ்ல பார்க்காததையா இதுல பார்த்துடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு அவரும் வெட்டுவார்.

இந்த வேலையை வெளியே எப்படிச் சொல்வது? கத்தரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நேர்மையான மனிதர். சொந்தக்காரர்கள் கேட்டபோது, "பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவைத்தார். அதை அவர்கள் ராணுவம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் கத்தரிக்குத் தனி மரியாதை. அதைக் கெடுப்பானேன் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? கணவரின் அண்ணன் தன் மகளிடம் வரன் பேச்சை மறுபடி எடுத்தால், "வேண்டாம்னு ஒரு தடவை சொல்லிட்டா இல்ல? இன்னொரு தடவை கேட்கக் கூடாது" என்று கூடத்தின் சட்டத்தைச் சொந்த வீட்டில் போடுவாள். ராணுவத்தில் இருக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் அடங்கிப் போவார்.

அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்த தலைவலி ஒன்று உண்டு. அதன் பெயர் வசனம். விளம்பரம் எழுதுகிற பையன். முப்பதைத் தொட்டவன், தேநீர் கேட்பதைக்கூட மேடையில் நிற்பவன் மாதிரிதான் கேட்பான். உறுப்பினர்கள் எழுதுவது மட்டுமல்ல, கம்பெனி தானே அனுப்புகிற வரிகளும் கத்தரியின் திரை வழியாகத்தான் போக வேண்டும். "ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் கிடையாது" என்று மேனேஜர் அம்மா எப்போதோ ஒரு கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டதன் பலன் அது.

"இன்றே உங்கள் தனிமை தீரும், உத்தரவாதம்" என்று எழுதிக்கொண்டு வருவான்.

"யாரு தம்பி உத்தரவாதம் கொடுக்கறது? நீ போய் உட்காரப் போறியா?"

"சரி மேடம். 'சூடான சந்திப்புகள்'?"

"டீக்கடைக்கு எழுதுறியா?"

இப்படி அவன் கொண்டுவருவதும் அவள் வெட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பையன் பாடம் கற்றுக்கொண்டான். ஒரு நாள் திரையில் இப்படி வந்தது:

'உங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.'

கத்தரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கெட்ட வார்த்தை இல்லை. உத்தரவாதம் இல்லை. அவசரப்படுத்தவில்லை, ஆபாசம் இல்லை. பல வருஷமாகச் சாக்கடை அள்ளிய கண்ணுக்கு அந்த வரி குளிர்ச்சியாக இருந்தது. "அழகா இருக்கு தம்பி" என்று சொல்லி விட்டுவிட்டாள். வசனம் அன்றைக்கு எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். 'ஒரு நண்பர்' என்று ஒரு கணக்கு திறந்து, அதிலிருந்து எல்லாருக்கும் அந்த வரியை அனுப்ப ஏற்பாடானது. கணக்குக்கு ஒரு படம் வேண்டுமே? ஆணியில் தொங்கிய சித்தப்பாவின் மழைக்கோட்டைப் படம் எடுத்து, மங்கலாக்கிப் போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

அதோடு கத்தரி அதை மறந்துபோனாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

அக்கா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்கும்போதே அவர் சுண்டுவிரலைப் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தலைக்குச் சாயம் பூசி, குதிகால் வைத்த புதுச் செருப்பு போட்டு, சமையலறை வாசலில் நின்று சிரித்தாள்.

"என்னக்கா, ஆளே மாறிட்டே?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள். கத்தரி படித்தாள். பக்கத்துத் தெரு. ஒருவர். கொஞ்சம் கூச்சம். மங்கலான சித்தப்பாவின் மழைக்கோட்டு.

"நல்ல உயரம், பாரு" என்றாள் அக்கா. "தோள் அகலம். முகத்தைக் காட்ட வெட்கப்படுறார் போல."

கத்தரி அந்த மழைக்கோட்டை மறுபடியும் பார்த்தாள். அக்கா இந்தக் கூடத்தில் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது. தங்கை எந்தக் கூடத்தில் வேலை செய்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியாது. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஊரில் எவனெவனோ எழுதியதையெல்லாம் யோசிக்காமல் வெட்டுகிறவளுக்கு, சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை எழும்பவில்லை. "டீ போடட்டுமா?" என்றாள்.

அதற்கப்புறம் அக்கா பக்கத்துத் தெருவைச் சல்லடை போட்டுச் சலிக்க ஆரம்பித்தாள். யாராக இருக்கும்? முதல் சந்தேகம் பல் டாக்டர் மேல் விழுந்தது. ஒரு குறையும் இல்லாத பல்லைப் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். சந்தேகம் தீராமல் மறுபடியும் போனாள். "இந்த வயசுல இவ்வளவு நல்ல பல்லா?" என்று அவர் கேட்டது மட்டும்தான் மிச்சம். அவர் குள்ளம் வேறு. நாயோடு நடக்கிற ஒருவரைக் கொஞ்ச நாள் கவனித்தாள். நாய் குரைத்தது, கைவிட்டாள். கடைசியில் சாவிக்கடைக்காரரிடம் வந்து நின்றாள்.

"உயரம் சரியா இருக்கு. தோளும் சரியா இருக்கு" என்று போனில் சொன்னாள். "நிமிர்ந்தே பார்க்க மாட்டேங்கறார். கூச்சம்னா அப்படியொரு கூச்சம்."

"அக்கா, அவர் சாவி அறுத்துக்கிட்டு இருப்பார். நிமிர்ந்தா விரல் போயிடும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அவரைப் பார்ப்பதற்காகவே தன் வீட்டுச் சாவிக்கு நகல் போட்டாள். அது கையில் இருக்கும்போதே இன்னொன்று போட்டாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு எத்தனை சாவிதான் தேவைப்படும்? கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொன்னாள்.

"அவங்க யாரு?" என்றாள் கத்தரி, மெதுவாக.

"அவரோட தங்கச்சியா இருக்கும். ஒரே முகஜாடை."

கத்தரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கடையில் அவளும் பூட்டு வாங்கியிருக்கிறாள். கல்லாவில் இருப்பது தங்கச்சி இல்லை, சாட்சாத் மனைவி. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மனைவி. "வெள்ளிக்கிழமை நானே பேசிடப் போறேன். அவர் பேசுற மாதிரி தெரியலை" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடை வாசலில் அக்கா ஊர் சிரிக்க நிற்பாள். கத்தரிக்கு அது கண் முன்னால் தெரிந்தது. அப்போதும் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. வரியே இல்லாமல் போனால் அக்கா மறந்துவிடுவாள் என்று ஒரு கோழைக் கணக்குப் போட்டாள். தனக்குத் தெரிந்த வழியில் போனாள், அதாவது வெட்டுகிற வழியில்.

வெட்டுகிறவர்களின் திரையில் 'ஆள் பொய்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே கணக்கின் மேல் அவர்களில் மூன்று பேர் அதை அமுக்கினால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும், மேனேஜரே வந்தாலும் திறக்காது. சிபாரிசு பிடித்து யாரும் தப்பிக்கக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். கத்தரி 'ஒரு நண்பர்' கணக்கைத் திறந்து அமுக்கினாள். சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"இது நம்ம கம்பெனி கணக்காச்சே" என்றார் அவர்.

"ஆள் இருக்காரா அதுல?"

"என் கோட்டுதான் இருக்கு."

"அப்ப அமுக்குங்க."

அமுக்கினார். மூன்றாவது மேசையில் புதிதாகக் கல்யாணமான பெண். அவளிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "என் வீட்டுக்காரருக்கும் இது வந்துச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். "அவர் ஏன் இதுல இருந்தார்னு தனியா விசாரணை நடக்குது."

அடுத்த நிமிஷம் கம்பெனி தன்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. மேனேஜர் அம்மா ஓடி வந்தாள்.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? வரியை விட்டதே நீங்கதானே?"

"நான்தான் மேடம். வார்த்தை சுத்தமா இருக்கான்னு மட்டும் பார்த்தேன். உண்மையான்னு பார்க்கலை."

"இதைத் தலைமை ஆபீஸ்ல நீங்க சொல்லுங்க. அவங்க முடிவு சொல்ற வரைக்கும் வீட்டுல இருங்க."

கத்தரி பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தாலும், அக்கா தப்பித்தாள் என்ற நிம்மதியும் இருந்தது. தெருவுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"அவரைத் தூக்கிட்டாங்கடி" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "'பொய்யான ஆள் என்பதால் நீக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. மனசாட்சியே இல்லாத எவளோ ஒருத்தி வேலை இது. பாவம், கூச்ச சுபாவம், எவ்வளவு நொந்து போயிருப்பார். நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கப் போறதில்லை. இப்பவே கடைக்குப் போறேன்."

"அக்கா, நில்லு" என்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

மனசாட்சி இல்லாத அந்த ஒருத்தி ஓடினாள். ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தை விட்டதற்கப்புறம் ஓடாத ஓட்டம் ஓடினாள். சாவிக்கடை வாசலை அடைந்தபோது அக்கா உள்ளே நின்றிருந்தாள், புதுச் செருப்போடு. இயந்திரம் நின்றிருந்தது. கடைக்காரர், "மறுபடியும் அதே சாவியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவிக்கு வரலைங்க" என்று அக்கா தொடங்கினாள். "உங்ககிட்ட மனசுவிட்டு ஒரு விஷயம்..."

"அக்கா" என்று கத்தரி வாசலிலிருந்தே கத்தினாள். "எனக்கு ஒரு சாவி போடச் சொன்னேனே. போட்டாச்சா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்க நிற்கிற தங்கையின் முகத்தில் என்னத்தைப் படித்தாளோ, கையில் இருந்த சாவியைப் பேசாமல் மேசையில் வைத்தாள். இயந்திரம் கிறீச்சிட்டது. கல்லா அம்மா, "என்னங்க, அவங்களுக்குச் சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க" என்று கணவருக்குக் குரல் கொடுத்தாள். அந்த 'என்னங்க' அக்காவின் காதில் விழுந்ததைக் கத்தரி பார்த்தாள்.

நடைபாதையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் வேலை செய்யும் இடம், வசனம், வரி, அதை விட்டது யார், வெட்டியது யார் என்று ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப அந்தத் தோளு?"

"சித்தப்பாவோட மழைக்கோட்டுக்கா."

அக்கா சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் சிரிக்கவில்லை.

"அந்த வரியை நீதான் முதல்ல படிச்சே. படிக்கும்போது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா. அதனாலதான் விட்டுட்டேன்."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. புதுச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குதிகால் செருப்பு பழக்கமில்லாததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. கத்தரிக்கு அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதாள்.

அதற்கப்புறம் அக்கா போனை எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்த கத்தரி, அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடியும் அடுக்கினாள். "ராணுவத்துல லீவு கொடுத்துட்டாங்களான்னு அண்ணன் கேட்கிறார்" என்று கணவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

மேனேஜர் அம்மா ஒரு வழியாகக் கூப்பிட்டாள். "ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் இல்லைன்னு நான் பேசினதைத் தலைமை ஆபீஸ்ல பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். நீங்க வேலைக்கு வாங்க. அந்தக் கணக்கு பூட்டினது பூட்டினதுதான். ஆனா புதுசா ஒரு வரி வேணும்."

வசனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "மேடம், ஒரு அழகான வரியைக் கொன்னுட்டீங்க. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா தம்பி? திரைக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டுப் பார்க்கறியே" என்றாள் கத்தரி. "எங்க அக்கா கண்ணாடிக் கடையில இருக்கா. வா. யாருக்கு என்ன நஷ்டம்னு அவகிட்டயே கேளு."

கடையில் அக்கா தங்கையைப் பார்த்தாள், வரவேற்கவில்லை. வாடிக்கையாளராக வந்த வசனத்தை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்தாள். "இவர்தான் எழுதினவர்" என்று கத்தரி சொன்னதும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண் சோதிக்கிற வெற்றுக் கண்ணாடிச் சட்டகத்தை அவன் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். எழுத்துப் பலகைக்குப் பதிலாகத் தன் போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்தாள்.

"படிங்க."

அவன் வழக்கமான மேடைக் குரலில் தொடங்கினான். "உங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்..." பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"யாரு அந்த ஒருத்தர்?"

"யாரும் இல்லைங்க."

"நான் தேடினேன்" என்றாள் அக்கா. "தலைக்குச் சாயம் பூசிக்கிட்டுத் தேடினேன். யாருக்கோ கூச்சம்னு போட்டிருக்கே, அது யாருக்கு?"

வசனம் வில்லைகளுக்குப் பின்னாலிருந்து கண்ணைச் சிமிட்டினான். எழுந்து ஓடலாம் என்றால் மூக்கில் கடைச் சாமான் இருந்தது. "இப்ப எனக்குத்தாங்க" என்றான்.

அக்கா அவன் பவரைக் குறித்துக் கொடுத்தாள். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே, நாற்காலியை விட்டு எழாமல், அவன் வேறொன்று எழுதினான். 'இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களை நினைத்துக்கொண்டு இன்னும் யாரும் இல்லை. நீங்கள் முதலில் பேசினால் ஒருவேளை இருப்பார்.' கத்தரி படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அந்த 'ஒருவேளை'யை மட்டும் யாரும் எடுத்துடாதீங்க" என்றாள்.

அவர்கள் கிளம்பும்போது கைப்பையைத் திறந்து, அந்தப் புதுச் சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். "உனக்குத்தானே போட்டது. இனிமே வாசல்ல நின்னு மணி அடிச்சுக்கிட்டு இருக்காதே, நேரா வா." கத்தரி அதை வழியெல்லாம் கையிலேயே வைத்திருந்தாள்.

வரி போய்ச் சேர்ந்தது. பழையதற்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. வந்தவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள், கத்தரிக்கு வெட்ட வேலை குறைந்தது. ஒரு நாள் வேலை முடிந்து, அக்காவுக்குப் பிடித்த பழங்களை வாங்கிக்கொண்டு போனாள். சாவியைப் போட்டாள். புதுச் சாவி சண்டை போடாமல் திரும்பியது. நேரே உள்ளே நுழைந்தாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?"

"நீதானே நேரா வரச் சொன்னே."

"சொன்னேன். அது போன வாரம்."

"யாருக்கா அது?"

"உன் வேலையைப் பாரு."

"இதுதானேக்கா என் வேலை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "இன்னும் அனுப்பலைடி. நான்தான் முதல்ல பேசணுமாமே. என்ன எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ படிக்கக் கூடாது. வெளியே போய்க் கதவைச் சாத்திட்டு, மணி அடிச்சுட்டு வா."

கத்தரி பழங்களை மேசையில் வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மணி அடித்தாள். உள்ளிருந்து பதில் வர நேரமாயிற்று. சாவி கையில்தான் இருந்தது. அவள் அக்கா வந்து திறக்கிற வரைக்கும் வாசலிலேயே காத்திருந்தாள்.